பென்சில் குறிப்பு: இந்தக் கதாபாத்திரங்களுக்கு என்ன புத்தகம், என்ன படம் கொடுப்பீர்கள்?

மாம்பலத்து வாசகி · ஞாயிறு காலை 9:10

என் பெரியப்பா மேற்கு மாம்பலத்தில் லெண்டிங் லைப்ரரி வைத்திருந்தார். வீட்டின் முன்னறைதான் கடை, மூன்று பக்கமும் மர அலமாரி, நடுவில் ஒரு ஸ்டூல். யார் வந்தாலும் "என்ன மாதிரி புத்தகம் பிடிக்கும்?" என்று கேட்கமாட்டார். "கடைசியா எதைப் பாதியில வெச்சீங்க?" என்றுதான் கேட்பார். பதிலைக் கேட்டுவிட்டு நீள நோட்டில் அவர்களுடைய எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதிக்கொள்வார். அவர் போன பிறகு அந்த நோட்டு என்னிடம் வந்தது. 88-க்குப் பக்கத்தில் "நாய் செத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்". 140-க்கு "மாமியார் நல்லவளாக இருக்க வேண்டும்". 203-க்கு ஒரே வார்த்தை, "ரயில்". அந்த 203 யாரென்று எனக்குத் தெரியும், எதிர் வீட்டு மாமா. ரயில் பயணம் வரும் கதை என்றால் எதுவானாலும் வாங்கிக்கொண்டு போவார்.

நேற்று அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு எண்ணம் வந்தது. கதைகளில் வரும் ஆட்களே அந்த ஸ்டூலில் வந்து உட்கார்ந்தால் பெரியப்பா என்ன எழுதியிருப்பார், எதை எடுத்துக் கொடுத்திருப்பார்? நீங்களும் சொல்லுங்கள். ஒரே ஒரு நிபந்தனை, அந்த ஆளுடைய ரசனை கதையில் எங்கே தெரிகிறது என்று காட்ட வேண்டும். "இவர் போலீஸ், அதனால் போலீஸ் படம்" என்பது போதாது.

நான் தொடங்குகிறேன். 'பொன்னியின் செல்வன்' வந்தியத்தேவன். அவனுக்கு எல்லோரும் வாள் சண்டைக் கதையைத்தான் நீட்டுவார்கள். ஆனால் அவனுக்கு உண்மையில் ருசி எதில்? வழியில் யார் எதைப் பேசினாலும் காது கொடுப்பது, சமயத்துக்கு ஒரு பொய்யைக் கட்டிவிடுவது, பசித்தால் சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் நினைக்காமல் இருப்பது. அவனுக்கு நான் ஜப்பானிய இயக்குநர் குரசாவாவின் 'ஹிட்டன் ஃபோர்ட்ரஸ்' (1958) போட்டுக் காட்டுவேன். இளவரசியை ஊமை என்று சொல்லி எதிரி எல்லை வழியாகக் கூட்டிக்கொண்டு போவார்கள், தங்கத்தை விறகுக் கட்டைகளுக்குள் ஒளித்துச் சுமப்பார்கள். கந்தமாறன் வீட்டில் நடுராத்திரியில் ஒளிந்திருந்து சதியைக் கேட்டவன், இதைப் பார்த்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவான். பென்சில் குறிப்பு: "அரண்மனை வேண்டாம், வழிப்பயணம் வேண்டும்."

பழைய டிக்கெட் · ஞாயிறு காலை 10:02

நல்ல விஷயம் தொடங்கியிருக்கிறீர்கள் அம்மா. வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று குதிரையில் வரும் வீராணம் ஏரியிலிருந்துதான் 2004 முதல் சென்னைக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது. அந்த முதல் அத்தியாயத்தை எப்போது படித்தாலும் எனக்கு இது நினைவுக்கு வரும்.

என் ஆள் 'காதலிக்க நேரமில்லை' (1964) செல்லப்பா. ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் முதலாளி. அப்பாவை உட்காரவைத்து அவன் பேய்க் கதை சொல்லும் காட்சியைச் சிரிப்புக்காக மட்டும் பார்க்காதீர்கள். கதவு சத்தம், காலடிச் சத்தம், எங்கே நிறுத்துவது, எங்கே திரும்புவது எல்லாம் அவனுக்கு அத்துபடி. பாலையா பயப்படுகிறார் என்றால் அது அவன் கை. அவனிடம் திறமை இருக்கிறது, சினிமா எடுப்பது என்றால் என்ன என்று தெரியாது, அவ்வளவுதான். அவனுக்கு அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' கொடுப்பேன். ஜெமினி ஸ்டூடியோவில் பல வருடம் வேலை பார்த்தவர் எழுதியது. தயாரிப்பு நிர்வாகி நடராஜன் விடிவதற்கு முன் கிளம்பி, யார் வந்தார்கள், யார் வரவில்லை, சாப்பாடு எங்கே, வண்டி எங்கே என்று ஓடும் ஓட்டத்தைப் படித்தால் சின்னமலை எஸ்டேட் பணத்தைக் கேட்பதற்கு முன் ஒரு தரம் யோசிப்பான். படம் எடுக்க ஆசைப்படுகிற எல்லாருக்குமே அந்த நாவலைக் கொடுக்கலாம்.

கார்த்திகை மழை · ஞாயிறு காலை 10:40

சார், செல்லப்பா அந்த நாவலை முப்பதாம் பக்கத்தில் மூடிவிடுவான். அவனுக்குப் பயமுறுத்தப் பிடிக்கும், கணக்குப் பார்க்கப் பிடிக்காது. 1967-ல் வந்த 'அதே கண்கள்' காட்டினால் மறுநாளே அப்பாவிடம் புதுக் கதையோடு வந்து நிற்பான்.

எனக்குப் பிடித்த ஆள் சுஜாதா கதைகளில் வரும் லாயர் கணேஷ். தம்புச்செட்டித் தெரு ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு ஒரு சின்ன முரண்பாட்டைப் பிடித்து இழுக்கிறவர். அவருக்கு 'டுவெல்வ் ஆங்ரி மென்' (1957). ஒரே அறை, பன்னிரண்டு பேர், ஒருவர் மட்டும் "யோசிப்போம்" என்கிறார். கணேஷ் இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பார்.

மாம்பலத்து வாசகி · ஞாயிறு பகல் 12:15

தம்பி, இதைத்தான் வேண்டாம் என்றேன். பெரியப்பாவிடம் ஹைகோர்ட் வக்கீல் ஒருவர் வருவார். வருஷக்கணக்காக வந்தவர், ஒரு நாள்கூட கோர்ட் கதை எடுத்ததில்லை. தோட்டக்கலைப் புத்தகம், பறவைப் புத்தகம், சமயத்தில் குழந்தைகள் புத்தகம். நாள் முழுக்கக் குறுக்கு விசாரணை செய்துவிட்டு வருகிறவருக்கு ராத்திரியும் அதுவேவா? கணேஷ் ஒரு கேஸ் முடிந்த அன்றைக்கு எதை எடுப்பார் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கும் இன்னும் பிடிபடவில்லை. அவருடைய ஜூனியர் வசந்த் சுலபம். ஒரு ஜோக்கை ஆரம்பித்து யாரும் முடிக்கவிடாத அந்தப் பையனுக்கு வுட்ஹவுஸின் நகைச்சுவை நாவல் ஒன்று கொடுத்தால் போதும், அலமாரியையே காலி செய்துவிடுவான்.

ராயபுரம் மணல் · ஞாயிறு பகல் 1:30

மேடம், இந்த "தொழிலைப் பார்க்காதே" விதியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் பக்கத்து ஆள் கபிலனை எடுத்துக்கொள்ளுங்கள், 'சார்பட்டா பரம்பரை' (2021). அம்மா பாக்கியம் பாக்சிங் என்ற பேச்சை எடுத்தாலே அடிக்க வருகிறாள், அவன் திருட்டுத்தனமாகப் போய்ச் சண்டை பார்க்கிறான். அவனுக்கு அது தொழிலா? சோறு போடாத விஷயம். கனவிலும் அதுதான். அவனுக்குப் பறவைப் புத்தகம் கொடுப்பீர்களா?

நான் கொடுப்பது 'வென் வீ வேர் கிங்ஸ்' (1996). ஆவணப்படம். 1974-ல் கின்ஷாசாவில் முகமது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதியது. ஃபோர்மன் இடி மாதிரி அடிக்கிறார், அலி கயிற்றில் சாய்ந்து வாங்கிக்கொண்டே இருக்கிறார், எட்டாவது ரவுண்டில் ஆளைக் கீழே தள்ளுகிறார். எங்கள் தாத்தா இந்தச் சண்டையை வாயாலேயே சொல்லிக் காட்டுவார், கை இரண்டையும் முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு, தோள் மட்டும் அசையும், "வாங்கிக்கோ, வாங்கிக்கோ, அவன் கை சோர்ந்துடும்" என்பார். அலி 1980-ல் சென்னைக்கே வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். தாத்தா கூட்டத்தில் நின்று பார்த்தவர். தோற்று, குடித்து, உடம்பைக் கெடுத்துக்கொண்டு, பிறகு பீடி ராயப்பனிடம் கடற்கரையில் மறுபடி முதலிலிருந்து தொடங்கிய கபிலனுக்கு, அடி வாங்கிக்கொண்டே ஜெயிக்கலாம் என்று காட்டும் அந்த எட்டு ரவுண்டைவிடப் பெரிய புத்தகம் எதுவும் கிடையாது.

மாம்பலத்து வாசகி · ஞாயிறு பகல் 2:05

சரி. ஒத்துக்கொள்கிறேன், முழு மனதோடு. தொழில் வேறு, பித்து வேறு. கணேஷுக்குக் கோர்ட் தொழில், கபிலனுக்கு பாக்சிங் பித்து. பித்துப் பிடித்தவனுக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும், மாமாவுக்கு ரயில் கொடுத்த மாதிரி. தாத்தாவின் தோள் அசைவை எழுதியதற்கு நன்றி.

பழைய டிக்கெட் · ஞாயிறு பகல் 2:20

'சார்பட்டா'வில் வரும் ஆங்கிலோ இந்தியர் டாடிக்கு ஒன்று சொல்லலாமா? அபர்ணா சென்னின் '36 சௌரங்கி லேன்' (1981). கல்கத்தாவில் தனியாக வாழும் ஆங்கிலோ இந்திய ஆசிரியை, வயலெட் ஸ்டோன்ஹாம். ஜெனிஃபர் கெண்டல் நடித்தது. டாடியும் மிஸ்ஸியம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். பெரம்பூர், வேப்பேரி பக்கம் எத்தனையோ குடும்பங்கள் ஆஸ்திரேலியா போய்விட்டன, இங்கேயே இருந்துவிட்டவர்கள் கதை அது.

சுருதிப்பெட்டி · ஞாயிறு மாலை 5:45

நான் மயிலாப்பூரில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் 'சிந்து பைரவி' (1985) வீட்டுக்குப் போகிறேன். பாடகர் ஜே.கே.பி.க்கு 'மோகமுள்' என்று எல்லோரும் சொல்வார்கள், சரியும்கூட, ரங்கண்ணா பாபுவுக்குக் கற்றுக்கொடுக்கும் பக்கங்களை அவர் தாண்டி வரவே முடியாது. ஆனால் எனக்கு அவர் மனைவி பைரவியைப் பற்றித்தான் பேச வேண்டும். அந்தப் பெண்ணுக்கு யாருமே எதையும் சிபாரிசு செய்ததில்லை. சங்கீதம் தெரியாது என்று புருஷன் சொல்லிச் சொல்லியே அவளுக்கு ரசனையே கிடையாது என்று படம் பார்க்கிறவர்களும் நம்பிவிடுகிறோம். நான் அவளுக்கு மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' கொடுப்பேன். 1951-ல் வந்தது, எங்கள் வீட்டில் அட்டை போன பிரதி ஒன்று இருக்கிறது, சாம்பார் பக்கத்தில் மஞ்சள் கறை. இத்தனை வருடம் ஆகியும் அதில் சொன்ன அளவு தப்புவதில்லை. அதைப் படிப்பதும் ஒரு ரசனைதானே.

கார்த்திகை மழை · ஞாயிறு மாலை 6:10

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள், இது எனக்கு வலிக்கிறது. மறுபடியும் அவளை அடுப்படிக்கே அனுப்புகிறீர்கள். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கொடுங்கள். பெரிய வீட்டில் ஏதோ ஒட்டவைத்த மாதிரி ஒரு சமையலறை, வெளியே மலை தெரியும், ஆனால் நின்று பார்க்க இடம் இல்லை. அந்த வீட்டுக்கு மருமகளாக வரும் மீனாட்சி, சமையலறைக்கு வெளியே இருக்கும் தாழ்வாரத்தைக் கொஞ்சம் பெரிதாக்கலாமே என்று சாதாரணமாகக் கேட்பாள், வீடே ஆடிப்போகும். அந்த ஒரு கேள்வியைப் பைரவி படிக்க வேண்டும்.

சுருதிப்பெட்டி · ஞாயிறு மாலை 7:30

கோபம் இல்லை தம்பி. யோசித்துப் பார்த்தேன். என் அம்மாவுக்கு 'சமைத்துப் பார்' அடுப்படிப் புத்தகம் இல்லை. மத்தியானம் வேலை முடிந்து தரையில் தலையணை போட்டுப் படுத்துக்கொண்டு, செய்யப்போவதே இல்லாத பட்சணங்களின் பக்கங்களை நாவல் மாதிரி படிப்பார். அதை மனதில் வைத்துத்தான் சொன்னேன். ஆனால் பைரவிக்கு அம்மாவின் அந்த மத்தியான நிம்மதி கிடையாது, அது உண்மை. அவள் அதைப் படித்தால் "இன்னும் நன்றாகச் செய்தால் பிடிக்குமோ" என்றுதான் படிப்பாள்.

அம்பையின் கதையும் முதலில் வேண்டாம் என்று தோன்றுகிறது. அது அவளுக்கு இரண்டாவதாக வர வேண்டிய புத்தகம். முதலில் 'இங்கிலீஷ் விங்கிலீஷ்' (2012). ஸ்ரீதேவி வீட்டில் லட்டு செய்து விற்கிறாள், இங்கிலீஷ் தெரியாது என்று புருஷனும் மகளும் கேலி செய்கிறார்கள். இங்கிலீஷ் என்ற இடத்தில் சங்கீதம் என்று போட்டால் பைரவி வீடு. நியூயார்க் வகுப்பில் அவள் தொழிலைக் கேட்டு வாத்தியார் ஒரு பெரிய வார்த்தையால் அவளைக் கூப்பிடுவாரே, தொழில்முனைவோர் என்று, அவள் அதைத் தெருவில் நடந்துகொண்டே சொல்லிப் பார்ப்பாள். லட்டு லட்டாகவேதான் இருக்கிறது. அதற்கு ஒரு மரியாதையான பெயர் கிடைக்கிறது. பைரவி அந்த இடத்தில் அழுவாள் என்று நினைக்கிறேன். நானும் அழுதேன்.

மாம்பலத்து வாசகி · ஞாயிறு இரவு 8:20

"இரண்டாவதாக வர வேண்டிய புத்தகம்." இதைப் பெரியப்பா கேட்டிருந்தால் உங்களை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு அவர் காபி குடிக்கப் போயிருப்பார்.

காபி என்றதும் கந்தசாமிப் பிள்ளை நினைவு. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' (1943). பிராட்வே முனையில் நின்றுகொண்டு, டிராமில் போனால் வெற்றிலை, பஸ்ஸில் போனால் அரைக் கப் காபி என்று கணக்குப் போடுகிறவர். அவருக்குப் பக்தி இலக்கியம் வேண்டாம், கடவுளையே திருவல்லிக்கேணி வீட்டுக்குக் கூட்டிப்போனவர். 'அறை எண் 305-ல் கடவுள்' (2008) காட்டலாம். மேன்ஷன் அறைக்குக் கடவுள் வருவதைப் பார்த்து "நம்ம ஆள்தான்" என்பார், உடனே பக்கத்து சீட்காரரிடம் 'சித்த வைத்திய தீபிகை'க்குச் சந்தா கேட்பார்.

பழைய டிக்கெட் · ஞாயிறு இரவு 8:55

ஜில் ஜில் ரமாமணிக்கு ('தில்லானா மோகனாம்பாள்', 1968) ஒன்று வைத்திருக்கிறேன். அவ்வை சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை'. ஆறு வயதில் சங்கரதாஸ் சுவாமிகளின் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தவர். ஊர் ஊராகக் கொட்டகை, வசூல் இல்லாத நாட்கள், மழை. ரமாமணிக்குப் பெரிய வித்வான்களின் நாயனத்தில் ஆசை, ஆனால் தன் நாடகக் கூட்டத்தை அவள் ஒரு இடத்திலும் தாழ்த்திப் பேசுவதில்லை. தன் உலகத்தை ஒருவர் இவ்வளவு கௌரவமாக எழுதியிருக்கிறார் என்று தெரிந்தால், கம்பெனியில் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து உரக்கப் படித்துக் காட்டுவாள்.

ராயபுரம் மணல் · ஞாயிறு இரவு 9:30

உரக்கப் படிப்பது என்றதும் கேட்கிறேன். 'காக்கா முட்டை' பையன்களுக்கு என்ன கொடுப்பீர்கள்? பள்ளிக்கூடம் போகாமல் தண்டவாளத்தில் கரி பொறுக்குகிற பிள்ளைகள். புத்தகம் கொடுத்தால் யார் படித்துச் சொல்வது?

கார்த்திகை மழை · ஞாயிறு இரவு 9:50

'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997), ஈரான் படம். அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே ஜோடி ஷூ, மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு சந்தில் ஓடுவார்கள். ஓட்டப் பந்தயத்தில் மூன்றாம் பரிசுதான் ஷூ, அதனால் அவன் மூன்றாவதாக வரப் பார்ப்பான். இதற்கு வசனம் எதற்கு ப்ரோ? சின்னது "மூணாவதா வாடா!" என்று திரையைப் பார்த்துக் கத்தும். பீட்ஸாவுக்காக ஒவ்வொரு ரூபாயாகச் சேர்த்தவர்களுக்கு அந்தக் கணக்கு உடனே புரியும்.

புத்தகம் வேண்டுமென்றால் பாட்டி இருக்கிறாள். நோட்டீஸில் படத்தைப் பார்த்தே தோசைக்கல்லில் பீட்ஸா செய்து கொடுத்தவள். படம் நிறைய இருக்கும் புத்தகம் ஒன்றை அவள் கையில் கொடுத்தால் கதையை அவளே செய்துவிடுவாள்.

இன்னொருத்தி, வேறு ஊர்க்காரி. ஹாரி பாட்டர் கதையில் வரும் ஹெர்மயனி. ஹாக்வார்ட்ஸ் சரித்திரத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு "நீங்கள் யாருமே அதைப் படிக்கவில்லையா?" என்று அலுத்துக்கொள்பவள். அவளுக்கு உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் "சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?" என்று கேட்ட இடத்திலிருந்து, 1887-ல் அந்தப் புத்தகம் அச்சாகி வரும் வரை ஏடு தேடி அலைந்த கதை. அவள் ஒரே ராத்திரியில் முடித்துவிட்டு மறுநாள் பெசன்ட் நகரில் அவர் பெயரில் இருக்கும் நூலகத்தின் வாசலில் நிற்பாள், திறப்பதற்கு முன்பே.

சுருதிப்பெட்டி · ஞாயிறு இரவு 10:15

கங்காவை எல்லோரும் தவிர்க்கிறோம் போலிருக்கிறதே. ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'.

மாம்பலத்து வாசகி · ஞாயிறு இரவு 11:40

தவிர்க்கவில்லை. இந்தப் பேச்சைத் தொடங்கியதே அவளுக்காகத்தான், சொல்லத் தைரியம் வரவில்லை.

கங்கா ஏற்கெனவே ஒரு கதை படித்துவிட்டாள். பத்திரிகையில் வந்த கதை. மழை, கார், அந்தப் பெண். அவளுக்கு நடந்ததேதான். ஆனால் கதையில் வரும் அம்மா மகள் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி உள்ளே கூட்டிக்கொள்கிறாள். கங்காவின் அம்மா கத்தினாள், ஊருக்கே தெரிந்தது. தன் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கலாம் என்பதை அச்சில் படித்துத் தெரிந்துகொண்டவள் அவள். அதன் பிறகு அவளிடம் போய் "பாதிக்கப்பட்ட பெண்ணின் கதை, உனக்குப் பிடிக்கும்" என்று யாராவது நீட்டினால் அது எவ்வளவு பெரிய கொடுமை! நாம் மனிதர்களுக்கும் இதைத்தான் செய்கிறோம். புருஷனை இழந்தவளுக்கு விதவைக் கதை. பிள்ளையில்லாதவளுக்குப் பிள்ளையில்லாதவள் கதை. அக்கறையில்தான் செய்கிறோம்.

நோட்டில் 61 என்று ஒரு எண். அவர் மாம்பலம் ஸ்டேஷனில் ஆறேகால் ரயிலில் இறங்கி நேராக வருவார், டிபன் கேரியர் கையில் இருக்கும், கல்யாணம் ஆகவில்லை, தெருவில் அவரைப் பற்றி ஏதேதோ பேசுவார்கள். நான் சின்னப் பெண், ஸ்டூலுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பெரியப்பா அவருக்கு ஒருநாளும் குடும்பக் கதை எடுத்துக் கொடுத்ததில்லை. ஏ.கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' கொடுத்தார். அப்புறம் வேறு பயணப் புத்தகங்கள். கப்பல், துறைமுகம், முன்பின் தெரியாத ஊரில் ஒரு ஹோட்டல் அறை. அவர் வாசலிலேயே நின்று முதல் பக்கத்தைப் படிக்கத் தொடங்கிவிடுவார், செருப்புகூட மாட்டாமல். 61-க்குப் பக்கத்தில் பென்சில் குறிப்பு இப்படி இருக்கிறது: "இவர் கதையைக் கொடுக்காதே."

கங்காவுக்கும் அதே புத்தகம். யாருக்கும் அவளைத் தெரியாத ஊர்களாக இருக்கும் புத்தகம்.

ராயபுரம் மணல் · ஞாயிறு இரவு 11:58

மேடம், நோட்டில் கடைசி எண் என்ன?

மாம்பலத்து வாசகி · திங்கள் காலை 6:20

411. அதற்குப் பிறகு பக்கம் காலியாகத்தான் இருந்தது. ராத்திரி 412 போட்டு கங்கா என்று எழுதிவிட்டேன். பென்சிலால்தான்.

பழைய டிக்கெட் · திங்கள் காலை 6:45

413 கபிலன், 414 பைரவி, 415 ரமாமணி. காக்கா முட்டை இரண்டு பேருக்கும் சேர்த்து 416 போதும், ஒரே ஷூ மாதிரி மாற்றி மாற்றி எடுத்துக்கொள்வார்கள். எல்லாருக்கும் ஆயுள் சந்தா, நான் கட்டுகிறேன் அம்மா.